கொடுத்துப் பார்த்தீர்களா?

நேற்றிலிருந்து அந்த மீம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எது என்று சொல்லவே வேண்டாம். பின்னால் பாதி கழற்றிப் போட்ட விமானம், முன்னால் டீ கிளாசோடு எச்.ஏ.எல். (பெங்களூரில் இருக்கிற அரசு விமானத் தொழிற்சாலை) ஆட்கள் என்று நாலு பேர், "இவங்ககிட்டயா ரஃபேல் கொடுப்பீங்க?" சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் நம்ம அல்சூர்க்காரர்களே பதினேழு பேர். உட்கார்ந்து எண்ணினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொடுத்துப் பார்த்தீர்களா?

2012 ஜனவரியில் நம் விமானப்படைக்குப் பிரான்சின் ரஃபேல் போர்விமானம் தேர்வானது. மொத்தம் 126. அதில் 18 பறக்கத் தயாராக வரும், மீதி 108 எச்.ஏ.எல்.லில் கட்டப்படும். அதுதான் திட்டம். 2015 மார்ச் 25 அன்றுகூட ரஃபேலைக் கட்டுகிற தசால்ட் கம்பெனியின் தலைவர் எரிக் ட்ராப்பியர், எச்.ஏ.எல். தலைவரை வைத்துக்கொண்டே, ஒப்பந்தம் சீக்கிரம் முடிந்துவிடும் என்று பேசினார். பதினாறே நாள். ஏப்ரல் 10, பாரிஸில் பிரதமர் அறிவிக்கிறார்: 36 விமானம், எல்லாமே அங்கிருந்தே வரும். நடுவில் மார்ச் 28, ரிலையன்ஸ் டிஃபென்ஸ் என்று ஒரு கம்பெனி பதிவாகிறது; பின்னால் தசால்ட்டோடு கைகோத்த அனில் அம்பானி குழுமத்துடையது. நல்ல முகூர்த்தம் போல.

"ரஃபேல் ஊழல் வழக்கை சுப்ரீம் கோர்ட்டே தள்ளுபடி பண்ணிடுச்சே" என்பீர்கள். ஆமாம், 2018 டிசம்பரில். மறுபடி சீராய்வு மனுவையும் 2019 நவம்பரில். ஊழல் என்று நான் எங்கே சொன்னேன்? வேலையைக் கொடுக்காமலே இருந்துவிட்டு வேலை தெரியாதவன் என்று பட்டம் கட்டாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

பிரான்சில் ஆகிற மனித உழைப்பு நேரத்தைப் போல 2.7 மடங்கு எச்.ஏ.எல்.லுக்கு ஆகும் என்று அரசே கோர்ட்டில் சொன்னதாம். முதல் தடவை கட்டுகிறவனுக்கு ஆகத்தான் செய்யும். எச்.ஏ.எல். கட்டுகிற உள்நாட்டுப் போர்விமானம் தேஜஸை இழுத்தடித்தார்கள் என்பதும் சரி. 1983-ல் தொடங்கி, 2001-ல் முதல் தடவை பறந்து, 2016 ஜூலையில்தான் முதல் படைப்பிரிவு. நடுவில் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு வந்த அமெரிக்கத் தடையைச் சொன்னால் சப்பைக்கட்டு என்பீர்கள். இருக்கட்டும்.

அப்புறம் "நீ காங்கிரஸ்காரியா" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். 2012-லிருந்து 2014 வரை கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தது யாராம், என் பெரியப்பாவா? அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அப்பா எச்.ஏ.எல்.லில் ஜாகுவார் போர்விமானப் பிரிவில் ஃபிட்டர். 1981-ல் சேர்ந்தார். விரல் நுனியால் தடவியே பிசிறு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குப் புது எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் முதலில் அவர் கைக்குத்தான் போகும். விளிம்பைச் சுற்றி ஒரு தடவு. "பிசிறு இருக்கு, பிள்ளைக்குக் கொடுக்காத." அரத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா டீயோடு நிற்பாள், அது ஆறிப்போகும். ஆமாம், டீதான். எழுதிக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரியில் சம்பளம் போடவே எச்.ஏ.எல். கிட்டத்தட்ட 1,000 கோடி கடன் வாங்கியது. விமானப்படை தரவேண்டிய பாக்கியோ பல ஆயிரம் கோடி. அதற்கு யாரும் மீம் போடவில்லை. பிப்ரவரி 1 அன்று எச்.ஏ.எல். விமான நிலையத்தில், எச்.ஏ.எல். மேம்படுத்திய மிராஜ் போர்விமானம் ஒன்று விழுந்தது. இரண்டு விமானிகள் போய்விட்டார்கள். எங்கள் மொட்டை மாடியிலிருந்தே புகை தெரிந்தது. அப்பா ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது, மிராஜ் அவர் பிரிவும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. சாயங்காலமே குடியிருப்புக் குழுவில் ஒருவர், "எச்.ஏ.எல். கை வச்சா இப்படித்தான்" என்று எழுதினார். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பு. அதற்கும் பதினைந்து கட்டைவிரல். அப்பா சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த மீமாவது அவர் கண்ணில் படக்கூடாது என்று நினைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அவருக்கே மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, டீ குடிக்கிறவர்களை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த விமானத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எங்க ஹேங்கரே இல்லம்மா" என்றார்.