விதியை எழுதச் சொல்பவர் ஒருவர், கையில் வைத்திருப்பவர் இன்னொருவர்

கல்லூரி வளாகத்தில் பேச்சுச் சுதந்திரம் என்று யாராவது வாயெடுத்தாலே இரண்டு கட்சிகள் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. "மனம் புண்படுகிறதா, எழுந்து போ, பேசுவது என் உரிமை" என்கிறது ஒன்று. "உரிமை என்ற பெயரில் நீ என்னை இங்கிருந்து விரட்டப் பார்க்கிறாய்" என்கிறது மற்றது. எனக்கு இரண்டு பக்கமும் நண்பர்கள் உண்டு, இரண்டு பக்கமும் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். பரவாயில்லை. இந்தச் சண்டையில் யாரும் அதிகம் கண்டுகொள்ளாத மூன்றாவது தரப்பைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு. விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற நிர்வாகத்தைச் சொல்கிறேன்.

பழைய கதையிலிருந்து வருகிறேன். 1964 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், வளாக வாசலை ஒட்டிய நடைபாதையில் மாணவர்கள் மேசை போட்டு அரசியல் நோட்டீஸ் கொடுப்பதற்கும் நிதி திரட்டுவதற்கும் தடை போட்டது. அக்டோபர் 1 அன்று, தடையை மீறி மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஜாக் வெயின்பெர்க்கைப் பிடித்துப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். கார் கிளம்பவே இல்லை. மாணவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். 32 மணி நேரம் கார் நின்ற இடத்திலேயே நின்றது, அவரும் உள்ளேயே இருந்தார். ஒவ்வொருவராகக் காரின் கூரைமேல் ஏறிப் பேசினார்கள். மாரியோ சாவியோ ஏறுவதற்கு முன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். (கலகக்காரரின் இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) டிசம்பரில் நிர்வாகக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து போராடியவர்களில் ஏறக்குறைய 800 பேர் கைதானார்கள். சில நாட்களில் ஆசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்கில் மாணவர்கள் பக்கம் சாய்ந்தது.

சரி, வெயின்பெர்க் உட்கார்ந்திருந்த மேசை யாருடையது? இனச் சமத்துவத்துக்காகப் போராடிய 'கோர்' அமைப்பினுடையது. சாவியோ அந்தக் கோடை விடுமுறையை மிசிசிப்பியில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்து கழித்துவிட்டுத்தான் கல்லூரிக்குத் திரும்பியிருந்தார். அதாவது, இன்றைக்கு நாம் எதிரும் புதிருமாக நிறுத்தி வைத்திருக்கிற இரண்டு விஷயங்களும் அன்று ஒரே மேசையில் இருந்தன. எல்லோருக்கும் இடம் கேட்கத்தான் பேச்சுரிமை தேவைப்பட்டது. மேசையை எடுக்கச் சொன்னது நிர்வாகம்.

அதற்கு நான்கு வருடம் முன்பு, 1960 பிப்ரவரியில், கறுப்பின மாணவர்களுக்கான அலபாமா ஸ்டேட் கல்லூரியைச் சேர்ந்த 29 பேர், மான்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்தில் வெள்ளையருக்கு மட்டும் உணவு கொடுத்துவந்த சிற்றுண்டிச் சாலையில் போய் உட்கார்ந்தார்கள். 9 பேர் கல்லூரியைவிட்டு நீக்கப்பட்டார்கள். என்ன குற்றச்சாட்டு என்று நோட்டீஸும் இல்லை, விசாரணையும் இல்லை. அந்த வழக்கில்தான், அரசு நடத்தும் கல்லூரி ஒரு மாணவரை நீக்குவதற்கு முன் குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் பக்கத்தையும் கேட்டாக வேண்டும் என்று 1961இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'முறையான விசாரணை' என்று யாராவது பேசினால், குற்றவாளியைத் தப்பவிடப் பார்க்கிறார் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதுகாப்பை முதலில் கேட்டு வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள்.

இனி மிச்சிகன். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் கறுப்பின மக்களை வேட்டையாடலாம் என்கிற தொனியில் துண்டறிக்கை புழங்கியது. வளாக வானொலியிலேயே நிறவெறி ஜோக்குகள் போனது. மாணவர்கள் கொதித்தார்கள், கொதித்தது நியாயம். 1988இல் நிர்வாகம் ஒரு பேச்சு விதியைக் கொண்டுவந்தது: இனம், மதம், பாலினம் போன்றவற்றை வைத்து ஒருவரை இழிவுபடுத்தினால் நடவடிக்கை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. நடந்ததைக் கேளுங்கள். பல் மருத்துவப் பிரிவில் கஷ்டமான ஒரு பாடம். மாணவர்களின் பயத்தைப் போக்குவதற்காக முதல் நாளே சிறு குழுக்களாக உட்கார வைத்து மனதில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். ஒரு மாணவர், "இந்தப் பாடத்தில் சிறுபான்மை மாணவர்கள் சிரமப்படுகிறார்களாம், அவர்களை நியாயமாக நடத்துவதில்லையாம், அப்படிக் கேள்விப்பட்டேன்" என்றார். அந்தப் பாடத்தை எடுத்த பேராசிரியர் தானும் சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்தவர். இந்தப் பேச்சு தன் பணி நிரந்தரத்துக்கு வேட்டு வைத்துவிடும் என்று புகார் கொடுத்தார். மாணவருக்கு விதியை எடுத்துச் சொன்னார்கள், அவரும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவருக்கு இந்தச் செய்தியைச் சொன்னது யார் தெரியுமா? முன்பு பல் மருத்துவம் படித்த, கறுப்பினத்தைச் சேர்ந்த அவருடைய அறைத்தோழர்.

இதை இரண்டு முறை படித்துப் பாருங்கள். பாகுபாடு நடக்கிறது என்று ஒருவர் சொன்னார், பாகுபாட்டைத் தடுக்க வந்த விதி அவர்மேல் பாய்ந்தது. அந்தப் பேராசிரியரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவருக்கும் வேலை பயம், அவரும் அந்த இடத்தில் தனி ஆள். நடுவில் நின்ற விதிக்கு மட்டும் யார் பலவீனமானவர் என்று தெரியவில்லை. 1989இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. எந்த வார்த்தை குற்றம், எது இல்லை என்று பல்கலைக்கழகத்தாலேயே சொல்ல முடியவில்லை.

நம் ஊர்க் கதையும் இதேதான். 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் பறித்தது. தொடக்கம், கையெழுத்தில்லாத ஒரு புகார். அதை மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கல்லூரிக்கு அனுப்பி விளக்கம் கேட்டது. புகாரில் இருந்த முக்கியமான குற்றச்சாட்டு, இவர்கள் மாணவர்களிடையே வெறுப்பை வளர்க்கிறார்கள் என்பது. சாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்த குழுவுக்குக் கிடைத்த பட்டம் அது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது என்பது வேறு விஷயம். 'வெறுப்பு' என்ற சொல்லை எந்த விதிக்குள் வைத்தாலும், அதை முதலில் கையில் எடுப்பது மேலே இருப்பவர்கள்தான் என்று நான் நினைப்பதற்கு இந்த மாதிரிச் சம்பவங்கள்தான் காரணம்.

இந்த இடத்தில் முதல் கட்சிக்காரர்கள் கைதட்டத் தொடங்கியிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

"எல்லாவற்றையும் விவாதிக்கலாம், வாதத்துக்கு வாதம்" என்று நீங்கள் சொல்வது வகுப்பறையில் எப்படி நடக்கிறது? 'இட ஒதுக்கீடு தேவையா' என்று ஆசிரியர் ஒரு தலைப்பைப் போடுகிறார். நாற்பது பேருக்கு அது ஒரு தலைப்பு. இரண்டு பேருக்கு, தாங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பற்றிய விசாரணை. முன் வரிசையில் ஒருவர் உற்சாகமாக 'தகுதி' என்று ஆரம்பிக்கிறார். ஒருவர் திரும்பி, அந்த இரண்டு பேரில் ஒரு பையனைப் பார்க்கிறார். ஆசிரியரும் நல்ல எண்ணத்தில்தான், "நீ என்னப்பா நினைக்கிறாய்?" என்று அந்தப் பையனைப் பார்த்துக் கேட்கிறார். அவ்வளவு நேரம் ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்கிறார்கள். அவன் பேசினால் தனக்காகப் பேசுகிறான், பேசாவிட்டால் பதில் இல்லை. இந்த வகுப்பில் யாரும் யார் வாயையும் மூடவில்லை. ஆனாலும் ஒருவன் அந்தப் பருவம் முழுக்க வாய் திறக்கப் போவதில்லை. இதைச் சுதந்திரமான விவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காகத் தலைப்பையே தடைசெய்யச் சொல்ல மாட்டேன். நடத்தும் முறையை மாற்றலாம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை இப்படிச் செய்வார்: விவாதத்துக்கு முன்னால் எல்லோரும் பெயர் போடாமல் ஒரு தாளில் நான்கு வரி எழுத வேண்டும். தாள்களைக் கலைத்துப் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். தான் நம்பாத ஒன்றைத் தன் குரலில் வாசிக்கும்போது ஆட்களுக்குக் குரல் லேசாகத் தடுமாறும் என்பார். யாருடைய வாயும் மூடப்படவில்லை, யாரும் தன் சமூகத்துக்குப் பிரதிநிதியாக எழுந்து நிற்கவும் வேண்டியதில்லை. இதற்கு விதி தேவைப்படவில்லை, பாடம் நடத்தத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது.

மிரட்டல் வேறு, வாதம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியின் அறைக் கதவில் தினமும் எதையாவது எழுதி ஒட்டுவது, ஒருவனைத் தேடிப்பிடித்து அவன் சாதிப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவது, இதெல்லாம் கருத்து கிடையாது. பள்ளி, கல்லூரிகளில் சக மாணவர்களின் பாலியல் தொல்லை பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் சொன்ன அளவுகோல் எனக்குச் சரியாகப் படுகிறது: கடுமையாக இருக்க வேண்டும், தொடர்ந்து நடக்க வேண்டும், அதனால் அந்த நபரின் படிப்பே தடைபட வேண்டும். அப்படிப்பட்டதைத் தண்டிக்கப் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. இருக்கும் சட்டத்தில் புகார் கொடுத்தால் கோப்பு நகராது, புது விதி மட்டும் அழகாக அச்சாகி வரும்.

ஏன் அப்படி? விதி எழுதச் செலவில்லை. 2007இல், டெல்லி எய்ம்ஸ் பற்றி விசாரித்த சுக்தேவ் தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் துன்புறுத்தப்பட்டு, குறிப்பிட்ட பகுதியில் ஒதுங்கி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டதைப் பதிவு செய்தது. அந்த விடுதியைச் சரிசெய்ய ஆள் வேண்டும், பணம் வேண்டும், ஆசிரியர் நியமனத்தில் காலியிடங்களை நிரப்ப வேண்டும், சிலரைப் பகைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் 'இங்கு அனைவரும் சமம்' என்று போஸ்டர் ஒட்ட ஒரு பிற்பகல் போதும்.

சமீப காலத்தில் இந்தக் கூத்து முழு வட்டம் அடித்தது. புளோரிடா மாகாணம் 2021இல் ஒரு சட்டம் போட்டது: மாணவர்களுக்கு அசௌகரியம் தரும் கருத்துகளிலிருந்தும் அவர்களை ஒதுக்கிக் காப்பாற்றக் கூடாது. கேட்க நன்றாக இருந்ததா? அடுத்த வருடமே அதே மாகாணம் இன்னொரு சட்டம் போட்டு, இனத்தைப் பற்றிய சில கருத்துகளை வகுப்பில் ஏற்றுப் பேசுவதற்குத் தடை கொண்டுவந்தது. உன் இனத்தார் முன்பு செய்ததற்காக நீ குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டும் என்கிற கருத்தும் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது, அசௌகரியம் யாருக்கு என்பதுதான் கேள்வி. 2022 நவம்பரில் நீதிபதி மார்க் வாக்கர் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அந்தத் தடையை நிறுத்தி வைத்தார்.

2023 டிசம்பரில் ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்ஐடி தலைவர்களை அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார வைத்து, வளாகங்களில் யூத வெறுப்பு பற்றிக் கேள்வி கேட்டார்கள். சில மாதங்களில் கொலம்பியா பல்கலைக்கழகமே போலீஸைக் கூப்பிட்டு, புல்வெளியில் கூடாரம் போட்ட பாலஸ்தீன ஆதரவு மாணவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்ய வைத்தது. 'வார்த்தையும் வன்முறைதான்' என்று பல வருடம் சொல்லிவந்தவர்களில் பலர், அதே வாக்கியம் தங்கள் கோஷங்களைக் காட்டித் திரும்பி வந்ததைப் பார்த்துத் திகைத்தார்கள். எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிற 'ஸ்னோஃப்ளேக்' (பனிச்செதில்) மாணவர்கள் என்று கேலி செய்துகொண்டிருந்தவர்களோ ஒரே இரவில் பாதுகாப்பு உணர்வைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். சிரிக்கத்தான் வேண்டும்.

கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் கலைப்பது பற்றி நீட்டப் போவதில்லை. 2017இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில், இனத்தையும் அறிவுத்திறனையும் இணைத்து எழுதிச் சர்ச்சைக்குள்ளான சார்ல்ஸ் மர்ரேயைப் பேச விடாமல் செய்தார்கள், கூட வந்த பேராசிரியை அலிசன் ஸ்டேங்கருக்குக் கழுத்திலும் தலையிலும் அடி. அவர் மர்ரேயைக் கேள்வி கேட்பதற்காக வந்தவர். இதற்கு மேல் என்ன சொல்ல?

எனக்கு உண்மையில் பயம் தருவது சத்தமே இல்லாத தடைதான். அரங்கு கேட்டு விண்ணப்பம் கொடுத்தால், "அன்று பராமரிப்புப் பணி." தேதி மாற்றிக் கேட்டால், "துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்." அதையும் வாங்கிக் கொடுத்தால், "பாதுகாப்பு ஏற்பாட்டுச் செலவை நீங்களே கட்டுங்கள்." எதிர்ப்பு அதிகம் வரும் என்பதற்காகப் பேச்சாளரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 1992இல் ஃபோர்சித் கவுண்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் மாணவர் குழுவில் யாரிடம் வழக்குப் போடப் பணம் இருக்கிறது? அங்கே யாரும் தணிக்கை என்ற வார்த்தையைப் பயன்படுத்துவதில்லை. கோப்பில் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

அதனால் இரண்டு கட்சி நண்பர்களுக்கும் ஒரே வேண்டுகோள். உங்கள் கல்லூரி அடுத்த முறை நடத்தை விதி வரைவு ஒன்றைச் சுற்றுக்கு விட்டால், அதில் தடைசெய்த வார்த்தைகளின் பட்டியலைப் பிறகு படியுங்கள். புகார் வந்தால் யார் விசாரிப்பார், எத்தனை நாளில், குற்றம்சாட்டப்பட்டவர் பேச இடம் உண்டா, மேல்முறையீடு யாரிடம், அரங்கு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுப்பார்களா என்று முதலில் தேடுங்கள். நான் பார்த்த வரைவுகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். உங்கள் கல்லூரியில் எப்படி? அரங்கு மறுக்கப்பட்ட அனுபவம் இருந்தால், கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருந்தார்கள் என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.