பந்து எதிர்த்துப் பேசாது
கோல்ஃபில் பந்து கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்கப் பழகியவர் அலுவலகத்திலும் எந்தச் சூழலுக்கும் வளைந்து கொடுப்பார் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். ஒன்பது வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். பந்து மணலில் புதைந்தால் பதறாமல் அடுத்த அடியை யோசிக்க வந்துவிட்டது. ஆனால் மீட்டிங்கில் யாராவது குறுக்கே பேசினால் இன்றும் சுள்ளென்று விழுகிறேன். பந்து எதிர்த்துப் பேசாது, அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, நாலு மணி நேர ஆட்டத்தில் அடிப்பது சில நிமிடம்தான், மீதி பெரும்பாலும் நடை. நடக்கிற நடையில் கோபம் தானாக ஆறிவிடும். மீட்டிங்கில் அந்த இடைவெளி ஏது? அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் "பொறுமைதான் கோல்ஃப் தரும் பாடம்" என்று எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ தன் தவறைத் தானே சொல்லும் பழக்கம்தான் பெரிதாகப் படுகிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1925 அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியில் அமெரிக்க வீரர் பாபி ஜோன்ஸ், பந்து லேசாக அசைந்துவிட்டது என்று தன் கணக்கில் தானே ஓர் அடியை அபராதமாகக் கூட்டிக்கொண்டார். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் ஆட்டம் சமனாகி, வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃபில் தோற்றார். நான் அவ்வளவு பெரிய ஆளில்லை. ஆனால் புல் மண்டிய இடத்தில் என் கை பட்டுப் பந்து நகர்ந்ததை நானே சொல்லி ஓர் அடி அபராதம் கூட்டிக்கொண்டேன்; அந்த வாரம்தான், அறிக்கையில் இருந்த என் கணக்குப் பிழையை மேலாளர் கண்டுபிடிக்கும் முன்பே போய்ச் சொன்னேன்.