நாற்பது பில் போன கதையும் கர்னலின் வேலையும்

யாங்கோனில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மாமாவின் உளுந்து மண்டிக்கு சி மொழியில் ஒரு கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் திறந்தது மாலைவரை ஓடியது. நாற்பதாவது பில்லைப் போட்டதும் கரண்ட் போனது. வந்த பிறகு ஃபைலைத் திறந்தால் அன்றைய கணக்கில் ஒரு வரிகூட இல்லை. மாமா திட்டவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, "யாரு எத்தனை மூட்டை எடுத்தாங்க, ஞாபகம் இருக்கிறதச் சொல்லுப்பா" என்றார். மனசு கேட்கவில்லை.

தப்பு என்னுடையது. எஃப்பிரிண்ட்எஃப் (fprintf) ஃபைலில் எழுத சி-யோடு வரும் ஒரு லைப்ரரி ஃபங்ஷன். எழுதச் சொன்னதை பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேர்த்துவைத்து, பொதுவாக அது நிறைந்த பிறகோ ஃபைலை மூடும்போதோதான் ரைட் (write) என்ற சிஸ்டம் கால் (system call) வழியாக, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலிடம் (kernel) கொடுக்கும். பில்லுக்கு 60 பைட், மொத்தம் 2400. பஃபரோ 4096. நிறையவே இல்லை! ரைட் கூப்பிட்டிருந்தாலும் சரக்கு முதலில் கர்னலின் நினைவகம் வரைதான் போயிருக்கும். உடனே டிஸ்க்கில் இறக்க எஃப்சிங்க் (fsync) வேண்டும். இப்போது ஒவ்வொரு பில்லுக்கும் பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃபிளஷ் (fflush), உடனே எஃப்சிங்க்.

"எல்லாத்தையும் கர்னலே பார்த்துக்கிட்டா இந்தத் தொல்லை இல்லையே" என்றான் நண்பன். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஒரு மெகாபைட் ஃபைலை ஒவ்வொரு பைட்டாக ரைட் செய்தால் கர்னலுக்குள் 10,48,576 தடவை போய்வர வேண்டும். 4096 பஃபர் இருந்தால் 256 தடவை போதும். 2018 ஜனவரியில் பிராசசர்களில் இருந்த மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியாகி, அதை அடைத்த பிறகு பல பிராசசர்களில் அந்தப் போக்குவரத்தின் செலவு இன்னும் கூடிவிட்டது. டிஸ்க், மெமரி, பிராசஸ் என்று ஒரு புரோகிராம் தொட்டால் இன்னொன்று கெடக்கூடியவை கர்னலின் காவலில் இருக்கட்டும். சி-யில் நினைவகம் வாங்கித் தரும் மேலாக் (malloc) ஃபங்ஷனைப் பாருங்கள்: சின்னத் தேவைகளுக்குக் கையிருப்பிலிருந்து தானே பிரித்துக் கொடுக்கிறது, அது தீர்ந்தால்தான் கர்னலிடம் போய் நிற்கிறது.

அதோடு, உள்ளே வைத்ததை வெளியே எடுப்பது லேசில்லை. விண்டோஸ் என்டி 4.0 வந்த 1996இல் திரையில் படமும் எழுத்தும் வரையும் கிராஃபிக்ஸ் வேலையைக் கர்னலுக்குள் கொண்டுபோனார்கள். 2011இல் டூகூ வைரஸ் கர்னலின் ஃபான்ட் படிக்கும் பகுதியிலிருந்த ஓட்டை வழியாகவே புகுந்தது. விண்டோஸ் 10இல்தான் ஃபான்ட் படிக்கும் வேலை வெளியே வந்தது.

நம் ஊரையே பாருங்களேன். 2019 அக்டோபர் 1 அன்று மியான்மர், பர்மிய எழுத்துக்கான ஸாஜி (Zawgyi) என்ற பழைய குறியீட்டு முறையை விட்டு, உலகப் பொதுவான யூனிகோடுக்கு மாறியது. ஃபான்ட், கீபோர்டு, லைப்ரரி எல்லாம் மாறின. லினக்ஸ் கர்னலில் ஒரு வரியைத் தொட வேண்டியிருக்கவில்லை. எழுத்து அதற்கு வெறும் பைட்தான்.

சி படிக்கிற தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி உங்கள் புரோகிராமை, சிஸ்டம் கால்களைக் காட்டும் லினக்ஸ் கருவியான எஸ்ட்ரேஸில் (strace) ஓட்டி, ரைட் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள்.