இரண்டு வருட விசாவில் தொழில்நுட்பம் எப்படி வேர் பிடிக்கும்?

துபாயின் ஜெபல் அலியில் ஒரு மெஷின் ஷாப்பில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். வால்வு, பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். அமீரகத்தில் தொழில்நுட்ப உற்பத்தி வளர வேண்டும் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஷாப்பின் பழைய செட்டர் அண்ணன் ஞாபகம்தான் வரும். மெஷினை வேலைக்குத் தயார் செய்து அளவு வைத்துக் கொடுப்பவர்தான் செட்டர்.

பீளமேட்டுக்காரர். ஐடிஐ படிப்பு. ஆகஸ்ட் மாதத்தில் லாரியிலிருந்து ராடு இறங்கினால், முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வெளியே 45 டிகிரி, ஷாப்புக்குள் ஏசி 22. "இதை இன்னிக்கு யாரும் தொடாதீங்க, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 100 மில்லிமீட்டர் இரும்பு 25 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர் விரியும். எங்கள் டாலரன்ஸோ, அதாவது அளவு தப்ப விடுகிற வரம்போ, 0.02. சூட்டோடு கடைந்து அளந்தால் மைக்ரோமீட்டர் கருவி சரி என்று சொல்லும். ஆறிய பிறகு எடுத்தால் அளவு குறைந்திருக்கும், மொத்தமும் ரிஜெக்ட். இது பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் எந்த ராடு எவ்வளவு நேரம் ஆற வேண்டும், மதியத்துக்கு மேல் எந்த மெஷினுக்கு ஆஃப்செட்டை (அளவுத் திருத்தத்தை) எவ்வளவு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் மட்டும்தான் இருந்தது.

செலவைக் குறைக்கிறோம் என்று நிர்வாகம் அவர் விசாவைப் புதுப்பிக்கவில்லை. ஒரு மாதத்தில் செட்டில்மெண்ட் முடிந்து ஊருக்குப் போனார். அவருக்குப் பின்னால் நாங்கள் ரிஜெக்ட் செய்த பெட்டிகளை அடுக்கி வைக்க இடம் போதவில்லை. அந்த ஷாப்பில் இருந்த விலை உயர்ந்த சொத்து கிளம்பிப் போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

2020-ல் தொழில்துறைக்கும் மேம்பட்ட தொழில்நுட்பத்துக்கும் என்று இங்கே தனி அமைச்சகமே வந்தது. அடுத்த வருடம் 'ஆபரேஷன் 300 பில்லியன்' அறிவித்தார்கள். பொருளாதாரத்தில் தொழில்துறையின் பங்கை 133 பில்லியன் திர்ஹத்திலிருந்து 2031-க்குள் 300 பில்லியனாக்குவது இலக்கு. நல்ல இலக்கு. அது ஜெயிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன், என் பிள்ளைகளின் சோறும் அதில் இருக்கிறது.

முடியாத காரியமும் இல்லை. இதே ஜெபல் அலியில் 1979-ல் அலுமினியம் உற்பத்தி தொடங்கியது. அலுமினாவில் மின்சாரத்தைப் பாய்ச்சி உலோகத்தைப் பிரிக்கும் தொட்டியை 'பாட்' என்பார்கள். ஆரம்பத்தில் அந்தத் தொழில்நுட்பம் வெளியிலிருந்து வாங்கியது. அதை ஓட்டி ஓட்டி, திருத்தித் திருத்தி, சோதனைப் பாட்கள் வைத்துப் பார்த்து, கடைசியில் சொந்தமாகவே ஒரு வடிவமைப்பை உருவாக்கினார்கள். அந்த நிறுவனத்துக்கு இன்று எமிரேட்ஸ் குளோபல் அலுமினியம் என்று பெயர். 2016-ல் அந்த வடிவமைப்பைப் பஹ்ரைனின் ஆல்பா நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து விற்றார்கள். ஆல்பா 1971-லேயே உற்பத்தி தொடங்கிய ஆலை, துபாய் ஆலைக்கு மூத்தது. மூத்தவன் இளையவனிடம் வந்து தொழில்நுட்பம் வாங்கினான்! இந்தப் பக்கம் வேலை செய்கிற எங்களுக்கு அது எவ்வளவு பெருமையான சேதி தெரியுமா? அதற்குப் பிடித்த காலம் 37 வருடம்.

செயற்கைக்கோள் கதையும் அப்படித்தான். அமீரகப் பொறியாளர்கள் தென்கொரியாவுக்குப் போய், அங்கிருந்தவர்களோடு உட்கார்ந்து துபாய்சாட்-1 செய்தார்கள், 2009-ல் ஏவினார்கள். 2013-ல் இரண்டாவது. துபாயிலேயே கட்டிய கலீஃபாசாட்டை 2018-ல் ஏவினார்கள். 2021 பிப்ரவரியில் ஹோப் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. ஒவ்வொரு முறையும் முந்தைய முறை கற்றது கையில் இருந்தது.

சிப் விஷயத்தில் நடந்தது வேறு. 2009-ல் அபுதாபியின் பணத்தில் குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற சிப் தயாரிப்பு நிறுவனம் உருவானது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆலை, அமெரிக்காவில் ஆலை, சிங்கப்பூரிலும் ஆலை. அபுதாபியிலும் ஒன்று வரும் என்று திட்டம் சொன்னார்கள், வரவில்லை. முதலீடாக அது லாபமாக இருக்கலாம். ஆனால் டெக்னீஷியன்கள் நின்று தொழில் பழக அபுதாபியில் ஒரு சிப் ஆலை அதனால் வரவில்லை. பங்கை ஒரே கையெழுத்தில் வாங்கலாம், பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

இங்கே பத்தில் ஒன்பது பேர் வெளியூர்க்காரர்கள். ஷாப் ஃப்ளோரில் நிற்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான்: தமிழர், மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ. விசா இரண்டு வருடம். 2019-ல் கோல்டன் விசா கொண்டுவந்தார்கள், பத்து வருடம் தங்கலாம். அருமையான முடிவு. ஆனால் வேலையில் இருப்பவர் அந்த வழியில் போக, பட்டப்படிப்பும் 30,000 திர்ஹம் சம்பளமும் கேட்கிறார்கள். டாக்டருக்கும் விஞ்ஞானிக்கும் கதவு திறந்திருக்கிறது. செட்டருக்கு, வெல்டருக்கு, டூல் மேக்கருக்கு இல்லை. 20 வருடம் மெஷினோடு வாழ்ந்தவனுக்கு எந்தப் பட்டம் வேண்டும்? நேரில் ஒரு திறன் தேர்வு வையுங்கள், தேறினால் ஐந்து வருடமாவது கொடுங்கள். கம்பெனி மாறினாலும் விசா அவனோடேயே இருக்கட்டும். பதிலுக்கு, வருடத்துக்கு இரண்டு உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். சந்தோஷமாகச் செய்வோம்.

சும்மா சொல்லவில்லை. ஒரு கோடையில் அமீரகப் பையன் ஒருவன் ஆறு வாரப் பயிற்சிக்கு எங்கள் ஷாப்புக்கு வந்தான். முதல் நாள் வெள்ளைக் கந்தூரா அங்கியில் வந்தவன், மறுநாள் கவரால் மாட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாது, அண்ணனின் இங்கிலீஷும் அரைகுறை. ஆனாலும் ஆறாவது வாரம் அவனே ராடில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினான். அடுத்த கோடையில் திரும்ப வந்து அண்ணனைத் தேடினான். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மெஷின் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனான்.

போன வாரம் புஷ் என்கிற உருளை உதிரிபாகம் ஒன்று தொடர்ந்து அளவு தப்பியது. வேறு வழியில்லாமல் போட்டிம் ஆப்பில் அண்ணனுக்கே போன் போட்டேன். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை.

"ராடு எப்ப தம்பி உள்ள வந்துச்சு?"