'அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்' ஒண்ணும் ஜிகினா டைட்டில் இல்ல

ஸ்டார் வார்ஸ் படங்கள்லயே ரொம்ப சீப்பான டைட்டில் எதுன்னு கேட்டா பாதிப் பேர் யோசிக்காம 2002ல வந்த 'அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ்'னு சொல்லிடுறாங்க (க்ளோன்னா ஒரே ஆளை அச்சு அசலா நகல் எடுத்தது). போன வாரம் என் நெருங்கின ஃப்ரெண்ட் ஒருத்தனும் அதையே சொன்னான். "டேய், பேரைக் கேட்டாலே சின்னப் பசங்க காமிக்ஸ் மாதிரி இருக்குடா, சீஸியா இருக்கு"ன்னான். அப்ப அவன்கிட்ட ஒழுங்கா பதில் சொல்ல முடியல, பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு. ஆனா அது மனசுல அப்படியே உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் இங்க உக்காந்து முழுசா எழுதிடலாம்னு. அந்தத் தலைப்பு எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

முதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். காதுல விழுறப்ப அது ஜிகினாவாத்தான் இருக்கு. 2001 ஆகஸ்ட்ல அந்தப் பேரை அறிவிச்சப்ப நிறைய ரசிகர்களுக்கு ஏமாற்றம், ஏன்னா 'அட்டாக் ஆஃப்'னு ஆரம்பிச்சாலே 1950கள்ல வந்த மலிவு பட்ஜெட் பூதப் படங்கள்தான் ஞாபகம் வரும், ராட்சச நண்டு வந்து தாக்குது, ராட்சச அட்டை வந்து தாக்குது, அம்பது அடி உயரப் பொம்பள வந்து தாக்குறா, இந்த மூணுமே நிஜமாவே அந்தக் காலத்துல 'அட்டாக் ஆஃப்'னு பேரோட வந்த படங்கதான். அந்த வரிசையில ஸ்டார் வார்ஸ் போய் நிக்குதேன்னு கடுப்பானவங்களை நான் தப்பு சொல்லல.

ஆனா ஸ்டார் வார்ஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்கணும். ஜார்ஜ் லூகாஸ் முதல்ல எடுக்க ஆசைப்பட்டது 'ஃப்ளாஷ் கார்டன்' கதையைத்தான், அதுக்கு ரைட்ஸ் கிடைக்காமப் போனதாலதான் சொந்தமா ஒரு கதை எழுதினாரு. அந்த ஃப்ளாஷ் கார்டன் 1936ல சீரியலா வந்துச்சு, மொத்தம் 13 அத்தியாயம், தியேட்டர்ல வாரத்துக்கு ஒண்ணு. நம்ம வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரியேதான், கடைசியில ஹீரோ ஏதாவது ஆபத்துல மாட்டிக்குவான், மீதியைத் தெரிஞ்சுக்க அடுத்த வாரம் வரணும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனித்தனிப் பேரு. அதுங்களத் தமிழ்ல சொல்லணும்னா 'ஆபத்துக் கிரகம்', 'திகில் சுரங்கம்', 'சுறா மனிதர்களிடம் சிக்கினான்', 'நெருப்பு டிராகனோடு சண்டை' இப்படித்தான் வரும். கேக்குறப்பவே அடுத்து என்ன ஆகும்னு ஒரு பரபரப்பு வருதுல்ல? ஸ்டார் வார்ஸ் படம் ஆரம்பிக்கறப்ப மஞ்சள் எழுத்து மேல போய்க்கிட்டே இருக்குமே, அதுவும் இந்த மாதிரி சீரியல்கள்ல முன்கதை சொன்ன விதத்தைப் பாத்து வெச்சதுதான். 'எபிசோட் 2'ன்னு நம்பர் போடுறதும் அதே பழக்கம். அப்ப அந்த மஞ்சள் எழுத்தை மட்டும் கைதட்டி ரசிச்சுட்டு, அதே எழுத்துக்கு மேல இருக்கற தலைப்பைப் பாத்து மட்டும் மூஞ்சியைச் சுளிச்சா என்ன நியாயம்? ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைங்க.

இன்னொண்ணு. எல்லாரும் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுற 1980 படத்தோட பேரு 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'. அந்தப் படத்தைப் பாக்காத ஒருத்தர்கிட்ட அந்தப் பேரை மட்டும் சொல்லிப் பாருங்க. 'பேரரசு திருப்பி அடிக்குது'. இதுல மட்டும் சவடால் இல்லையா? இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா படம் அவ்ளோ கனமா இருந்ததால அந்தப் பேருக்கும் கனம் வந்துடுச்சு, இப்ப அதைக் கேட்டா யாருக்கும் காமிக்ஸ் ஞாபகம் வர்றதில்ல, பனிக் கிரகமும் அந்த அப்பா–மகன் காட்சியும்தான் ஞாபகம் வருது. 2002 படத்துக்கு நடந்தது அப்படியே உல்டா. காதல் காட்சி வசனங்கள் ஒட்டல, மணலைப் பத்தி ஹீரோ அனகின் பேசுற அந்த வசனத்தை இன்னிக்கும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க, அந்தக் கடுப்பெல்லாம் சேந்து தலைப்பு மேல போய் விழுந்துடுச்சு. வசனம் எழுதினதுல குறை இருந்தா அதை வசனத்துக்கிட்ட கேளுங்க, பேரு என்ன பண்ணுச்சு.

சரி, இப்ப உண்மையிலேயே நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இது வரைக்கும் சொன்னது கேலிக்குப் பதில்தான், இனிமே சொல்றதுதான் எனக்கு அந்தப் பேரு பிடிச்சதுக்குக் காரணம்.

அந்தப் படத்துல க்ளோன்ஸ் யாரைத் தாக்குறாங்க? கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. பேரைக் கேட்டா க்ளோன்ஸ் எல்லாம் வில்லன்னு தோணும். ஆனா படத்துல பாத்தா ஜியோனோசிஸ் கிரகத்துல ஒரு வட்ட மைதானத்துல ஜெடைங்க, அதாவது நம்ம நல்ல பக்கத்து வீரர்கள் எல்லாம் சுத்தி வளைக்கப்பட்டு, மிச்சம் கொஞ்சப் பேர்தான் உயிரோட, நாலு பக்கமும் ரோபோ துப்பாக்கி, சரணடையுன்னு எதிரித் தலைவன் டூக்கு சொல்றான், முடியாதுன்னு ஜெடை மேஸ் விண்டு சொல்றாரு, அவ்ளோதான் கதை முடிஞ்சுதுன்னு நினைக்கறப்ப மேலேர்ந்து ஜெடை குரு யோடா ஒரு படையோட இறங்குறாரு. அதுதான் க்ளோன் படை. காப்பாத்த வந்தவங்க! நாம சீட் நுனிக்கு வந்து கைதட்டுறோம். அப்ப 'க்ளோன்களின் தாக்குதல்'னு பேரு ஏன்? முதல் தடவை பாத்தப்ப எனக்கும் பேரு பொருந்தலையேன்னுதான் தோணுச்சு.

மூணு வருஷம் கழிச்சு 2005ல 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' வந்துச்சு (சித்னா ஜெடைங்களோட பரம எதிரிங்க). அதுல ஒரு காட்சி. உட்டபாவ் கிரகத்துல சண்டை நடுவுல ஓபி-வான்ங்கற ஜெடை தவறவிட்ட லைட்சேபரை, அதான் அந்த ஒளி வாளை, கமாண்டர் கோடின்னு ஒரு க்ளோன் எடுத்து வெச்சிருந்து அவர் கையில திருப்பிக் குடுக்குறான். ஓபி-வான் நன்றி சொல்லிட்டு, வேற நினைப்பே இல்லாம முதுகைக் காட்டிக்கிட்டு சண்டைக்குக் கிளம்புறாரு. கொஞ்ச நேரம்தான். கோடிக்கு ஒரு ஹோலோகிராம் அழைப்பு வருது, ஆட்சித் தலைவனா இருக்கற, நிஜத்துல சித் தலைவனான பால்படைன், ஜெடைங்களைக் கொல்லச் சொல்ற ஆர்டர் 66னு ஒரே வரி சொல்றான், அதே கோடி பீரங்கியைத் திருப்பி அவரையே சுடச் சொல்றான். அவன் குரல்ல கோவமும் இல்ல, தயக்கமும் இல்ல. இன்னொரு கிரகத்துல ஒரு ஜெடை பாலத்து மேல முன்னாடி ஓடிக்கிட்டு இருக்காரு, பின்னாடி வந்த காலடிச் சத்தம் நின்னு போகுது, திரும்பிப் பாக்குறாரு, கூடவே வந்த அத்தனை துப்பாக்கியும் அவரை நோக்கி இருக்கு. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. க்ளோன்களோட உண்மையான தாக்குதல் அன்னிக்குத்தான் நடந்துச்சு, ஆனா 2002 படத்தோட போஸ்டர்லயே அதை எழுதி வெச்சுட்டாங்க. எல்லாரும் படிச்சோம், சீஸின்னு சிரிச்சோம், கடந்து போயிட்டோம்.

இது நானா இழுத்துக் கட்டுறது இல்ல, படத்துக்குள்ளயே ஆதாரம் இருக்கு. ஓபி-வான் கமினோ கிரகத்துக்குப் போறாரு இல்லையா, வெளிய ஓயாத மழை, உள்ள பளிங்கு மாதிரி வெள்ளைத் தாழ்வாரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையா ஒரே முகம் உக்காந்து சாப்பிடுது. ரெண்டு லட்சம் தயார், இன்னும் பத்து லட்சம் வந்துக்கிட்டு இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. இதை ஆர்டர் குடுத்தது எப்பவோ செத்துப்போன ஒரு ஜெடையாம். இந்த க்ளோன்களுக்கெல்லாம் மூல ஆளா இருக்கற ஜாங்கோ ஃபெட்கிட்ட, உன்னை இந்த வேலைக்குச் சேத்தது யாருன்னு கேட்டா டைரனஸ்னு ஒரு பேரு சொல்றான். படத்தோட முடிவுல சித் தலைவன் டூக்குவை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறான் தெரியுமா? லார்ட் டைரனஸ்! அதாவது எதிரிப் படைக்குத் தலைவனா நிக்கறவனும், ஜெடைங்களைக் காப்பாத்த வந்த படைக்கு ஆள் புடிச்சுக் குடுத்தவனும் ஒரே ஆளு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்தத் தலைப்பைத் திரும்பப் படிச்சா எனக்கு முதுகு ஜில்லுன்னு ஆகுது. காசு யாரு குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு அடி வரைக்கும் தோண்டாமலேயே படையை வாங்கிக்கிட்டாங்க ஜெடைங்க. கண்ணைத் திறந்துக்கிட்டே கிணத்துல இறங்கினாங்க.

இதுக்கு முந்தின 1999 படத்துப் பேரும் இதே ரகம்தான். 'தி ஃபாண்டம் மெனஸ்', கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. அதையும்தான் ஓட்டினாங்க. அந்த ஆபத்து யாரு? படம் முழுக்க நல்லவனா சிரிச்சுக்கிட்டு வர்ற பால்படைன். ஒளிஞ்சிருக்கறவனைப் பத்திப் பேர்லயே சொல்லிட்டு, அவனை நம்ம கண்ணு முன்னாடியே நடக்க விட்டிருக்காங்க.

பேரு விஷயத்துல லூகாஸ் எவ்ளோ யோசிப்பாருங்கறதுக்கு 1983 கதை ஒண்ணு போதும். மூணாவது படத்துக்கு முதல்ல 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஜெடை'ன்னு பேரு வெச்சு, போஸ்டர் அடிச்சு, டிரெய்லரும் விட்டாச்சு. அப்புறம் ஜெடை பழிவாங்க மாட்டான்னு சொல்லி 'ரிட்டர்ன்'னு மாத்தினாங்க. யோசிச்சுப் பாருங்க, அந்தப் படத்தோட உச்சக்கட்டமே ஹீரோ லூக் ஆயுதத்தைத் தூக்கிப் போட்டுட்டு, கொல்ல மாட்டேன்னு நிக்கறதுதான். தலைப்புல 'பழி'ன்னு இருந்திருந்தா அந்த ஒரு காட்சியே பொய்யாயிருக்கும். அதுக்கப்புறம் 22 வருஷம் கழிச்சு அந்தப் 'பழி'ங்கற வார்த்தையை எடுத்து யாருக்குக் குடுத்தாங்க? சித்துக்கு. ஜெடைக்குப் பொருந்தாத வார்த்தை, அதுக்கு உரியவன்கிட்ட போய்ச் சேந்துடுச்சு.

அப்ப ஸ்டைலா 'தி க்ளோன் வார்ஸ்'னு வெச்சிருக்கலாமேன்னு என் ஃப்ரெண்ட் கேட்டான். 1977 முதல் படத்துலயே அந்தப் போர் பத்தி லூக் கேப்பான், அதுலேர்ந்து 25 வருஷம் ஜனங்க அதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க, அதனால அந்த ஆசை எனக்கும் புரியுது. ஆனா இந்தப் படத்துல போர் ஆரம்பிக்கறதே கடைசியிலதான், போர் ஆரம்பிச்சிடுச்சுன்னு யோடா வாயாலயே சொல்ற வரைக்கும் அதுக்கு அந்தப் பேரே இல்ல. நடக்காத கல்யாணத்துக்கு எப்படிப் பத்திரிகை அடிக்கறது?

எனக்கு உண்மையிலேயே சலிப்பு தர்றது வேற மாதிரிப் பேருங்க. குரங்குகள் கிரகம் வரிசையை எடுத்துக்கங்க, 2011ல 'ரைஸ்', 2014ல 'டான்'. ரெண்டுமே அருமையான படம், ஆனா எது முதல்ல எது ரெண்டாவதுன்னு கேட்டா இன்னிக்கும் ஒரு நொடி முழிக்கறேன், விடியல் வந்தப்புறம்தானே எழணும்? இந்த மாதிரி மரியாதையான, கம்பீரமான, யாரும் கேலி பண்ண முடியாத வார்த்தையை எந்தப் படத்துல வேணும்னாலும் ஒட்டலாம். 'எழுச்சி', 'மீட்பு', 'விதி'. அதுல ஜிகினா இல்ல, சரிதான். ஆனா கதையும் இல்ல. 'க்ளோன்களின் தாக்குதல்'னு இன்னொரு படத்துல ஒட்ட முடியுமா?

அதே நேரம் சின்னதா ஒரு எழுத்து பெரிய வேலை பண்ணின உதாரணமும் இருக்கு, ஜேம்ஸ் கேமரூன் 1986ல 'ஏலியன்' பின்னாடி ஒரு 'ஸ்' சேத்து 'ஏலியன்ஸ்'னு வெச்சாரு, முதல் படத்துல ஒண்ணு இருந்துச்சு, இப்ப நிறைய இருக்கு, அவ்ளோதான், பயமா இருக்குல்ல? அது வேற அழகு. அதுக்காக எல்லாரும் அப்படியே வெக்கணும்னு இல்ல.

டேய் நண்பா, இதை நீ படிப்பேன்னு தெரியும். இந்த ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தோட கடைசி பத்து நிமிஷத்தை மட்டும் பாரு. வெற்றி கிடைச்சுதுன்னு ஓபி-வான் சொல்ல வர்றப்ப யோடா வெற்றியா இதுன்னு கேப்பாரு. அடுத்த ஷாட்ல சிவப்பு வானத்துக்குக் கீழ ஆயிரக்கணக்குல வெள்ளைக் கவசம் வரிசையா கப்பல் ஏறும், பின்னாடி பெரிய வில்லன் டார்த் வேடரோட மார்ச் மியூசிக் ஏறும், மாடத்துல நின்னுக்கிட்டு பால்படைன் அதைப் பாத்துக்கிட்டு இருப்பான். அந்த இடத்துல பாஸ் பண்ணிட்டு, படத்தோட பேரை ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லு. அப்புறம் எனக்கு ஃபோன் பண்ணு.