அறுபதாம் கல்யாண ஊரில் அறுபதில் செத்த ரயில்

மாயவரம் (மயிலாடுதுறை) ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர்கள் யாராவது, "திருக்கடையூருக்கு ரயில் இருக்கா?" என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் சிரிப்பார்கள். இருந்தது சார். 1926-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று தரங்கம்பாடிக்குப் போகும், மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் அறுபதாம் கல்யாணம் செய்துவைக்கும் தலத்தின் வழியே ஓடிய வண்டிக்கு, அறுபது முடிந்த கையோடு கருமாதி!

தரங்கம்பாடிக்கும் ரயிலுக்கும் ஜாதகமே பொருந்தவில்லை போலிருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய துறைமுகம் அது. 1706-ல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும் அங்கேதான். 1845-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓட ஆரம்பித்ததும் சரக்கெல்லாம் நாகைப் பக்கம் திரும்பிவிட்டது. ரயில் இல்லாததால் நொடித்த ஊருக்கு 65 வருஷம் கழித்து ரயில் வந்தது, ஆனால் ஏற்றி இறக்கப் பழைய கப்பல் வியாபாரம் இல்லை.

சரி, ஏன் மூடினார்கள்? நஷ்டம். இந்த நஷ்டக் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை. சென்னையிலிருந்து பொறையாருக்கு வருகிறவர் கொடுக்கும் கட்டணத்தில் மாயவரம் வரைக்குமான பெரும்பங்கு மெயின் லைனின் வருமானம். கடைசித் துண்டுக்கான சில்லறை மட்டும்தான் கிளைப்பாதைக்கு. அப்படிப் பிரித்துப் பார்த்தால் எந்தக் கிளைப்பாதைதான் லாபம் காட்டும்? பஸ் போட்டி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து ரோட்டில் பஸ் ஓடாத ரயில் பாதை நாட்டில் எங்கே இருக்கிறது?

இன்று முகூர்த்த நாளில் ஜங்ஷன் வாசலில் நின்று பாருங்கள். மணிவிழாத் தம்பதி, பிள்ளைகள், சம்பந்திகள், பேரன் பேத்தி, சீர்வரிசைப் பைகள். இத்தனை பேரையும் வேனுக்கும் காருக்குமாகப் பங்கு பிரித்து, எண்பது வயதுப் பாட்டியை முன் சீட்டில் ஏற்றுவதற்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்துவிடும். வாடகை பேரம் தனி. திருக்கடையூர் அபிராமி சந்நிதிக்கு வருஷம் முழுக்க வரும் இந்தக் கூட்டம் எந்த நஷ்டக் கணக்கிலும் ஏறாது.

பழையபடி ரயில் விடுவது லேசான காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும். வழி நெடுக ஆறும் வாய்க்காலும், அத்தனைக்கும் அகலப்பாதைக்குத் தக்க பாலம் வேண்டும். ஆனால் எண்பதுகளில் மூடிய பேரளம்–காரைக்கால் பாதையை அகலப்பாதையாக மறுபடி போட்டிருக்கிறார்களே! மயிலாடுதுறை இப்போது தனி மாவட்டம். புது வண்டியெல்லாம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பழைய பாதையில் ரயில்வே நிலம் எங்கெங்கே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து, எல்லைக்கல் நட்டு, ஊரறிய அறிவிக்கச் சொல்லி நம் எம்.பி.யை முதலில் கேட்போம்.