படியேற முடியாத முழங்கால்கள்

முன்னாள் படைவீரர்கள் சிகிச்சை பெறும் பாலிகிளினிக்குகளுக்குச் சொந்தக் கட்டடம் கட்ட அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது முழுக்க நியாயம். இவற்றை நடத்தும் இசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம், 2003 ஏப்ரலில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன, ஆனால் பல இன்னும் வாடகைக் கட்டடத்தில்தான். என் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர், சந்தா கட்டித்தான் திட்டத்தில் சேர்ந்தார். அவர் போகும் பாலிகிளினிக் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்றுதான் ஏறுவார். சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்றால் அடுத்த வாரம் மறுபடியும் அதே படிகள். சரி, புதுக் கட்டடத்துக்கு நாளாகும். அதுவரை மருந்து கொடுக்கும் இடத்தையாவது தரைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள்.